பூல் மேசையில் உங்கள் அடியும் சிக்கலான பந்துகளும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரை விடுதிகளில் இருக்கும் பூல் மேசைகளில், சீசன் முடிந்து சுற்றுலாக்காரர் போனபிறகு விளையாடுவது பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். பின்னேரம் வேலை முடிந்து வருபவர்கள், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், கரம் போர்ட்டில் பேர் எடுத்தவர்கள் எனப் பலர் வருகிறார்கள். பழகும்போது அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். எட்டுப் பந்து, ஒன்பது பந்து என்ற ஆட்டங்கள் விளையாடும் வழக்கமான பூல் மேசையையும், 57 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள பந்தையும் மனதில் வைத்தே பதில்கள் இருக்கின்றன.

எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிக்கச் சொல்லித் தரலாமே. "சொந்த அடி" எதற்கு?

எல்லாருக்கும் ஒரே உயரமும் ஒரே நீளக் கையும் ஒரே பார்வையும் இல்லாதபடியால்தான். பிலிப்பைன்ஸ் நாட்டு எஃப்ரன் ரெயஸ் 1999 இல் ஒன்பது பந்து உலகப் பட்டத்தை வென்றவர். அவர் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, தளர்வாகப் பிடித்து, பின்னுக்கும் முன்னுக்கும் நீளமாக ஆட்டி, ஓடும் தண்ணீர் மாதிரி அடிப்பார். அமெரிக்காவின் கீத் மெக்ரெடி முழங்கையை உடம்புக்கு வெளியே தூக்கி, கையைப் பக்கவாட்டில் வீசி அடித்தவர். முதல் தடவை பார்ப்பவர் "இது பிழையான அடி" என்றுதான் சொல்வார். அந்தக் கையோடுதான் அவர் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதினார்.

இந்த இருவரையும் பந்துக்குக் கிட்டே, கடைசி ஒரு சாண் தூரத்தில் மட்டும் பார்த்தால் வித்தியாசம் இல்லை. கியூவின் நுனி நேராக வருகிறது, நினைத்த இடத்தில் தொடுகிறது, நினைத்த வேகத்தில் தொடுகிறது. நான் பழக்கும்போது வைத்துக்கொள்ளும் ஒரே சட்டம் இதுதான்: கால், முதுகு, முழங்கை, பிடி எல்லாம் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி இருக்கலாம். கடைசி ஒரு சாண் எல்லாருக்கும் ஒன்று. அந்த ஒரு சாணை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் கொண்டுவருகிற உடம்பு நிலை எதுவோ, அதுதான் உங்கள் அடி. யாரையாவது பார்த்து அப்படியே செய்யப்போனால் அழகு வரும், ஆனால் களைத்துப்போன இரவில் அது கைவிட்டுவிடும்.

சின்ன வயதிலிருந்து கரம் விளையாடிய கை. அது உதவுமா, கெடுக்குமா?

கண்ணுக்கு நன்றாக உதவும். எந்தப் பக்கத்தைத் தொட்டால் காய் எங்கே போகும், பலகையில் பட்டு எப்படித் திரும்பும் என்பதெல்லாம் கரம் விளையாடியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரத்தில் தொட்டு வெட்டி அடிக்கும் பந்தை அவர்கள் முதல் நாளே போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கெடுப்பது விரல். கரத்தில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறோம். சக்தி முழுவதும் ஒரு நொடியில் விரலிலிருந்து புறப்படுகிறது. அந்தப் பழக்கத்தோடு கியூவைப் பிடித்தால் தொடுகிற நேரத்தில் மணிக்கட்டு முறுகி, பிடி இறுகி, நுனி ஒரு பக்கம் விலகிவிடும். பூலில் சக்தி கியூவின் எடையிலிருந்து வரவேண்டும். ஒரு கியூ பொதுவாக 510 முதல் 600 கிராம் வரை இருக்கும். பந்து கூடினால் 170 கிராம். அந்த எடை முன்னுக்குப் போக நீங்கள் வழிவிட்டால் போதும்.

இன்னொன்று, கரம் பவுடர். வியர்வைக்கு நல்லதென்று அதைக் கையில் தடவிக்கொண்டு பூல் மேசைக்கு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது துணியில் இறங்கிப் பந்தில் ஒட்டும். விடுதிக்காரர் உங்களை அடுத்த முறை விடமாட்டார். மூன்று விரல் கையுறை ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் கியூவின் தண்டை உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள்.

எப்படி நிற்பது, எங்கே பிடிப்பது?

முதலில் பந்துக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, அடிக்கப்போகும் கோட்டைப் பாருங்கள். வலக்கைக்காரர் என்றால் வலது கால் அந்தக் கோட்டின் மேலேயே வரட்டும், இடது கால் வசதியாக முன்னுக்கும் பக்கத்துக்கும் போகட்டும். பிறகு குனியுங்கள். குனிந்தபிறகு காலை நகர்த்திக் குறி திருத்துவதுதான் இங்கே நான் அதிகம் காணும் பிழை. குறி சரியில்லை என்று தோன்றினால் எழும்பி, மறுபடி நின்று, மறுபடி குனிய வேண்டும்.

பின்கை: நுனி வெள்ளைப் பந்தை (கியூவால் நாம் நேரே அடிக்கும் பந்தை) தொடும் நேரத்தில் முழங்கைக்குக் கீழே உள்ள கை செங்குத்தாகத் தொங்கவேண்டும். இது நடந்தால் பிடி எங்கே என்ற கேள்விக்குத் தானாகவே பதில் வரும். உயரமானவர் பின்னுக்குப் பிடிப்பார், குள்ளமானவர் முன்னுக்குப் பிடிப்பார். இறுக்கம், ஒரு குஞ்சுப் பறவையைப் பிடிக்கிற அளவுக்கு.

முன்கை: கியூவைத் தாங்கும் இந்தக் கையின் நிலைதான் பிரிட்ஜ். திறந்த பிரிட்ஜ், மூடிய பிரிட்ஜ் இரண்டையும் பழகுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு பள்ளம் செய்து அதில் கியூவை ஓடவிடுவது திறந்தது. சுட்டுவிரலை வளையமாக்கிக் கியூவைச் சுற்றிக்கொள்வது மூடியது. எதுவானாலும் உள்ளங்கையின் அடியும் மற்ற விரல்களும் துணியில் அழுத்தமாக இருக்கவேண்டும். பிரிட்ஜ் ஆடினால் மேலே செய்கிற எல்லாமே வீண்.

நான் நேராகத்தான் அடிக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

பந்து பொக்கட்டில் விழுந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிழையாக அடித்தும் பந்து விழும், அதுதான் ஆபத்து. பிழை அப்படியே கையில் ஊறிவிடும்.

முதல் சோதனைக்கு மேசைகூட வேண்டாம். வெறும் சோடாப் போத்தல் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் கியூ நுனி போய்வரும்படி ஆட்டுங்கள். கண்ணாடியில் படாமல் போகவேண்டும். மெதுவாகச் செய்யும்போது எல்லாருக்கும் வரும். உண்மையில் அடிக்கும் வேகத்தில் செய்யும்போதுதான் கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காட்டும்.

இரண்டாவது, வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து, நடுவில் அடித்து, எதிர்க் குஷனில் (மேசையோர ரப்பர் விளிம்பில்) பட்டு நேரே திரும்பி வரவிடுங்கள். அடித்தபிறகு எழும்பாமல் கியூவை அப்படியே வைத்திருங்கள். பந்து திரும்பி வந்து நுனியில் முட்டினால் அடி நேர். வலது பக்கம் விலகி வந்தால் நுனி வலப்பக்கம் தொட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைப் பந்துக்குப் பதிலாக ஒரு கோடு போட்ட பந்தை, 9 இலிருந்து 15 வரை எதுவானாலும் சரி, கோடு செங்குத்தாக நீங்கள் அடிக்கும் திசைக்கு நேரே இருக்கும்படி வையுங்கள். கியூ நுனி வழுக்காமலிருக்கப் பூசும் சோக்கை நன்றாகப் பூசிக்கொண்டு அடியுங்கள். நேராக அடித்தால் அந்தக் கோடு ஒரு சில்லு மாதிரி ஆடாமல் உருண்டு போகும். கொஞ்சம் பக்கம் பட்டாலும் கோடு நெளியும். பிறகு பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சோக்கின் நீலப் புள்ளி எங்கே இருக்கிறது? கோட்டின் நடுவில் இருக்கவேண்டிய புள்ளி ஓரத்தில் இருந்தால், அதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் உங்களுக்குச் சொல்லமுடியாது. வாரக்கணக்கில் "சைட் (பந்தின் பக்கத்தில் அடித்துக் கொடுக்கும் சுழற்சி) போடத் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கு இதைச் செய்து காட்டியபோது, அவர் ஒவ்வொரு அடியிலும் தெரியாமலே இடது சைட் போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது.

எந்தக் கண்ணுக்குக் கீழே கியூ வரவேண்டும்?

சிலருக்கு நாடியின் நடுவில், சிலருக்கு வலக்கண்ணுக்குக் கீழ், சிலருக்கு இரண்டுக்கும் இடையில். பொதுவான விடை இல்லை. இரண்டு பொக்கட்டுக்கு நடுவே நேர்கோட்டில் இரண்டு பந்து வைத்து, குனிந்து, தலையை மெதுவாக இடம் வலமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும்தான் அந்தக் கோடு உண்மையில் நேராகத் தெரியும். அந்த இடத்தில் கியூ நாடியில் எங்கே தொடுகிறது என்று நினைவில் வையுங்கள்.

பின்னுக்கு இழுத்தபிறகு நிறுத்தவேண்டுமா?

நான் நிறுத்தச் சொல்வேன். நீளமாக வேண்டாம், ஒரு மூச்சளவு. பின்னுக்குப் போன கை முன்னுக்கு வர அவசரப்படும்போதுதான் தோள் சேர்ந்து இறங்குகிறது, தலை எழும்புகிறது. அந்தச் சின்ன நிறுத்தம் அவசரத்தை வெட்டிவிடும். சிலருக்கு நிறுத்தினால் ஓட்டம் கெடும். ரெயஸைப் போல ஓடுகிற கை இருந்தால் அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் பின்னிழுப்பு மெதுவாக இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கண் எங்கே? ஆட்டிப் பார்க்கும்போது வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் மாறி மாறிப் போகலாம். கடைசி அடியில் இலக்குப் பந்தில் இருக்கட்டும். பந்து விழும் சத்தம் கேட்கும்வரை எழும்பவேண்டாம்.

வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்பதை எப்படி முன்கூட்டியே சொல்வது?

சிக்கலான பந்து என்று நீங்கள் நினைப்பவற்றில் பாதி, முந்திய அடியில் வெள்ளையைப் பிழையான இடத்தில் விட்டதால் வந்தவை. அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

வெள்ளைப் பந்து சுழற்சி இல்லாமல் சறுக்கிக்கொண்டு போய் மற்றப் பந்தில் பட்டால், இரண்டும் 90 பாகையில் பிரியும். பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக வெள்ளை போகும். நேருக்கு நேர் முழுதாகப் பட்டால் அப்படியே நின்றுவிடும். அது முன்னுக்கு உருண்டுகொண்டு போய்ப் பட்டால், பந்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எங்கே பட்டாலும், வெள்ளை தான் வந்த கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகும். இந்த ஒன்றே பெரிய வசதி. சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்தால் கிட்டத்தட்ட அந்த 30 பாகை வரும். ஒரு விரலை வெள்ளை வரும் கோட்டில் வைத்தால், மற்ற விரல் அது பட்டபின் போகும் வழியைக் காட்டும். மேசையோரம் நின்று கையை நீட்டிப் பார்க்க வெட்கப்படவேண்டாம்.

மற்றப் பந்தில் படும்போது வெள்ளை இன்னும் சறுக்குமா என்பது தூரத்தையும் வேகத்தையும் பொறுத்தது. கிட்ட இருக்கும் பந்துக்கு நடுவில் அடித்தாலே வெள்ளை நிற்கும். அரை மேசை தூரத்துக்கு நடுவுக்குக் கீழே அடிக்கவேண்டும், ஏனென்றால் போகும் வழியில் துணி அந்தப் பின்சுழற்சியைத் தின்றுவிடும். இதைத்தான் நான் எல்லாருக்கும் முதல் பாடமாகக் கொடுக்கிறேன்: நேர் பந்து, வெள்ளை அங்கேயே நிற்கவேண்டும், தூரத்தைச் சாண் சாணாகக் கூட்டுங்கள். நின்ற வெள்ளை பம்பரம் மாதிரிச் சுற்றினால் உங்கள் அடி நேரில்லை.

சைட் எப்போது போடலாம்?

குஷனில் பட்டபிறகு கோணத்தை மாற்றவேண்டிய தேவை இருந்தால் மட்டும். வலப்பக்கம் அடித்தால் வெள்ளை முதலில் கொஞ்சம் இடப்பக்கம் விலகிப் புறப்படும். கியூ சரிந்திருந்தால் பிறகு வலப்பக்கம் வளையும். பட்ட இடத்தில் உராய்வு மற்றப் பந்தையும் கொஞ்சம் தள்ளிவிடும். மூன்று மாற்றம் ஒரே அடியில். நடு அடி கைக்கு வராதவர் இவற்றைக் கணக்குப் போடமுடியாது.

எவ்வளவு ஓரம் போகலாம் என்றும் கேட்பார்கள். பந்தின் நடுவிலிருந்து ஆரையின் பாதி வரை, அதாவது ஏறக்குறைய 14 மில்லிமீற்றர். அதைத் தாண்டினால் நுனி வழுக்கும். சோக் இல்லாவிட்டால் அதற்கு முதலே வழுக்கும். சோக்கைக் குடைந்து திருகாமல், நுனியின் ஓரமெல்லாம் படும்படி துடைத்து எடுக்கவேண்டும்.

சைட் போடாமலே உராய்வு வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. மெதுவாக வெட்டி அடிக்கும் பந்து நீங்கள் குறிவைத்ததைவிடத் தடிப்பாக, அதாவது குறைவான வெட்டோடு, போகும். பொக்கட்டின் ஓரத்தில் பட்டு நிற்கும் அந்தப் பந்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மெதுவாக வெட்டும்போது ஒரு நூலளவு மெல்லிசாக, அதாவது இன்னும் ஓரமாக, குறிவையுங்கள்.

வெள்ளைப் பந்து குஷனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பிழைக்கிறது.

எல்லாருக்கும் இதுதான் தலையிடி. காரணத்தை அளவில் பாருங்கள். குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் 63.5 சதவீதத்தில், அதாவது துணியிலிருந்து ஏறக்குறைய 36 மில்லிமீற்றரில் இருக்கிறது. பந்தின் நடு 28 அல்லது 29 மில்லிமீற்றர். ஆகவே நடு மறைந்துவிட்டது. உங்களுக்குத் தெரிவது மேலே உள்ள 21 மில்லிமீற்றர்தான். அதிலும் நடுவிலிருந்து 14 மில்லிமீற்றருக்கு மேலே போனால் நுனி வழுக்கும் என்று சொன்னேன். கியூவை மட்டமாகப் பிடித்தால் மிஞ்சுவது 6 மில்லிமீற்றர் இடைவெளி.

இவ்வளவு சின்ன இடத்தில் பலமாக அடிக்க முயல்வதுதான் தவறு. பின்னிழுப்பைப் பாதியாகக் குறையுங்கள். பிரிட்ஜ் கையைக் குஷன் மரத்தின் மேல் வைத்து, கியூவை விரல்களுக்கு நடுவே மரத்தோடு ஒட்டி ஓடவிடுங்கள். கியூவின் பின்பக்கம் கொஞ்சமாக உயரட்டும், மிகக் கொஞ்சமாக. சைட் வேண்டவே வேண்டாம். சரிந்த கியூவில் சைட் போட்டால் வெள்ளை வளைந்துவிடும். வெள்ளை முன்னுக்கு உருளும் என்பது நிச்சயம், ஆகவே 30 பாகைக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். பந்து விழுந்தபின் எங்கே நிற்கும் என்று பார்த்து, அது பிடிக்காவிட்டால், எதிராளிக்கு அடி கிடைக்காதபடி வெள்ளையைப் பாதுகாப்பாக மறைத்து அடிப்பதே புத்தி.

இலக்குப் பந்து குஷனோடு ஒட்டியிருந்தால்?

வெள்ளை பந்தையும் குஷனையும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். பிழைக்கத்தான் போகிறது என்றால் குஷன் பக்கம் பிழைக்கட்டும். குஷனை ஒரு மயிரிழை முந்தித் தொட்டாலும் பந்து பெரும்பாலும் ஓரத்தோடு போய் விழும். பந்தை முந்தித் தடிப்பாகத் தொட்டால் அது குஷனில் மோதி வெளியே வந்துவிடும். மிதமான வேகம். பலமாக அடித்தால் பொக்கட்டின் வாய் சின்னதாகிவிடும்.

எனக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவில் ஒரு பந்து நிற்கிறது, அதற்கு மேலால் கையை வைத்து அடிக்கவேண்டும்.

விரல் நுனிகளை ஊன்றி, கையை உயர்த்தி, பெருவிரலால் பள்ளம் செய்யுங்கள். பிரிட்ஜ் கை முதலில் அசையாமல் நிற்கட்டும். கியூவை அதற்குப் பிறகு வையுங்கள். பின்கை மேலே போவதால் முழங்கை ஊசலாடும் இடம் குறையும். அதனால் குட்டையான, மென்மையான அடி மட்டும். தடுக்கும் பந்தை விரலோ சட்டைக் கையோ தொட்டால், நடுவர் வைத்த போட்டியில் அது ஃபவுல். புடவை, நீளமான சல்வார் அணிந்து விளையாடும் தங்கச்சிமார் முந்தானையையும் துப்பட்டாவையும் குத்திக்கொண்டு வந்தால் நிம்மதியாகக் குனியலாம்.

வெள்ளை மற்றப் பந்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது. அடித்தால் "இரண்டு முறை பட்டது" என்கிறார்கள்.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. ஒரு சோக் கட்டியின் அகலத்துக்கும் குறைவான இடைவெளியில் நேரே தள்ளினால், பந்தில் பட்டு நின்ற வெள்ளையைக் கியூ இரண்டாவது தடவையும் தொட்டுவிடும். அடையாளம் எளிது: நேர் அடியில் வெள்ளை நிற்கவோ பின்தங்கவோ வேண்டும். அதுவும் முன்னால் போகும் பந்தோடு சேர்ந்து அதே வேகத்தில் ஓடினால் இரண்டு முறை பட்டிருக்கிறது. கோணம் வைத்து ஓரமாக அடியுங்கள், அல்லது கியூவின் பின்பக்கத்தை நன்றாக உயர்த்திக் குட்டையாகக் கொத்துங்கள்.

இரண்டும் உண்மையிலேயே ஒட்டியிருந்தால் விதி வேறு. உலகப் பூல் விதிப்படி, அது நீங்கள் அடிக்கக்கூடிய பந்தானால், அதை நோக்கியே அடிக்கலாம். ஸ்னூக்கரிலும், சிவப்பு மஞ்சள் பந்து போட்ட சிறிய மேசை ஆட்டத்திலும் அதை அசைக்காமல் விலகி அடிக்கவேண்டும். தொடங்கும்முன் எந்த விதி என்று பேசிக்கொள்ளுங்கள். எங்கள் மேசைகளில் வாக்குவாதம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான்.

இரண்டு பந்து ஒட்டிக்கொண்டு, பொக்கட்டுக்குக் கொஞ்சம் விலகிக் காட்டுகின்றன. போடலாமா?

போடலாம், பலபேர் விட்டுவிடும் பந்து இது. இரண்டின் நடுப்புள்ளிகளையும் சேர்க்கும் கோடு பொக்கட்டின் வலது ஓரத்தைக் காட்டுகிறது என்று வையுங்கள். உங்களுக்குக் கிட்ட நிற்கும் பந்தின் வலப்பக்கத்தில் வெள்ளையால் அடித்தால் அது இடப்பக்கம் நகரப் பார்க்கும். அந்த உராய்வு மற்றப் பந்தையும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மெதுவாக அடித்தால் இழுப்பு கூடுதல். ஓய்வு நேரத்தில் இரண்டு பந்தை ஒட்டி வைத்து இரு பக்கமும் அடித்துப் பாருங்கள், ஒரு பின்னேரத்தில் கைக்கு வந்துவிடும்.

குஷனில் பட்டுத் திரும்பும் அடிகளை எப்படிக் கணிப்பது?

குஷனைக் கண்ணாடியாக நினைத்து, பொக்கட் அதற்கு அப்பால் அதே தூரத்தில் இருப்பதாகக் கற்பனை செய்து அங்கே குறிவையுங்கள். இது தொடக்கம் மட்டும். பலமாக அடித்தால் பந்து குறுகலாகத் திரும்பும், மெதுவாக உருட்டினால் அகலமாகத் திரும்பும். அதனால் ஒரே ஒரு வேகத்தைத் தெரிவுசெய்து, அந்த வேகத்தில் உங்கள் மேசை எவ்வளவு விலகுகிறது என்று மனப்பாடம் செய்யுங்கள்.

ரெயஸ் 1995 இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக, முழுதாக மறைந்துபோன 5 ஆம் பந்தை இரண்டு குஷனில் வெள்ளையைத் திருப்பி அடித்துப் போட்டார். இன்றும் அதைப் பேசுகிறார்கள். அந்தக் கை தன் வேகத்தை அறிந்திருந்தது. மந்திரம் என்று நான் அதைச் சொல்லமாட்டேன்.

பந்தைத் தாண்டி அடிப்பது? வளைத்து அடிப்பது?

தாண்டுவது விதிக்கு உட்பட்டதுதான்: கியூவை உயர்த்தி, வெள்ளையை மேலிருந்து கீழே அழுத்தி அடித்தால் அது துணிக்கு அடியிலுள்ள கல்லில் பட்டு எழும்பும். பந்துக்கு அடியில் நுனியைச் செருகிக் கோரி எடுப்பது ஃபவுல். வளைத்து அடிப்பதில் பந்து போகும் பாதை ஒரு பரவளைவு என்று பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835 இலேயே கணக்கில் காட்டினார். இரண்டையும் பார்க்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் விடுதி மேசையில் பழகவேண்டாம். துணி கிழிந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை ஊரில் ஒருவருக்கும் மேசை இல்லை.

மேசை விறாந்தையில் கிடக்கிறது. பின்னுக்கு இழுத்தால் சுவர் இடிக்கிறது.

திருகோணமலையில் இது எல்லாருக்கும் தெரிந்த சிக்கல். வழக்கமான கியூ 147 சென்ரிமீற்றர் நீளம். 9 அடி மேசையில் விளையாடும் பரப்பே 254 க்கு 127 சென்ரிமீற்றர். அதைச் சுற்றிக் கியூ நீள இடம் விட்டுக் கட்டப்பட்ட விறாந்தை அரிது. குட்டைக் கியூ இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பிடியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள், பிரிட்ஜ் கையையும் பந்துக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் முழங்கைக்குக் கீழே உள்ள கை செங்குத்தாகவே இருக்கும். பின்பக்கத்தைத் தூக்கித் தப்பிக்கப் பார்ப்பது கடைசி வழி. தூணடியில் நின்று பழகிய குட்டை அடி, குஷனில் ஒட்டிய பந்துக்கும் அப்படியே கைகொடுக்கும். அதனால் இந்த மேசைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் கச்சான் காற்றுக் காலத்தில் வேறு மாதிரியும் மேசை ஓடுகிறதே?

உண்மை. ஐப்பசி தொடங்கித் தை வரை ஈரம், துணி தண்ணீரைக் குடித்துப் பந்தை இழுத்துப் பிடிக்கும். கச்சான் வீசும் வெயில் மாதங்களில் அதே மேசையில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். குஷன் திருப்பும் கோணமும் மாறும். விளையாட்டைத் தொடங்குமுன் வெள்ளையை மேசை நீளத்துக்கு உருட்டி, எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி உங்கள் பக்கக் குஷனுக்குக் கிட்டே நிற்கிற வேகத்தைத் தேடுங்கள். அன்றைய மேசை கைக்குத் தெரிந்துவிடும்.

பந்துகளைத் துடையுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் தூசியும் படிந்த பந்து, படும் இடத்தில் ஒட்டி இழுக்கும். கியூவைச் சுவரில் சாய்த்துவைக்கவோ வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடவோ கூடாது, வளைந்துவிடும். சோக்கை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

சொந்தக் கியூ வாங்கவேண்டுமா?

அடி ஓரளவு நிலைத்தபிறகு, ஆம். விலையைவிட, ஒரே கியூ என்பதுதான் முக்கியம். மேசையில் உருட்டிப் பாருங்கள்; நுனி தூக்கித் தூக்கி ஆடினால் வளைந்திருக்கிறது. தோல் நுனி 12 அல்லது 13 மில்லிமீற்றர், மேற்பக்கம் நன்றாக உருண்டிருக்கவேண்டும். ஸ்னூக்கர் கியூவின் நுனி இதைவிடச் சிறியது. பூல் பந்துக்கு அது உகந்ததல்ல.

இலங்கையில் இருந்து இதில் பெரிதாக வரமுடியுமா?

எம். ஜே. எம். லாஃபிர் 1973 இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். விளையாட்டு எதிலும் இந்த நாட்டுக்கு உலகப் பட்டம் என்பது கனவாக இருந்த காலம் அது. பிள்ளைகளுக்கு அவர் பேர் தெரிந்திருக்கவேண்டும் என்பது என் ஆசை.

போட்டியில் கடைசிப் பந்துக்குக் கை நடுங்குகிறது.

நடுங்கும். நடுங்கும் கைக்கு வேலை கொடுங்கள்: சோக் பூசுங்கள், கோட்டைப் பாருங்கள், காலை வையுங்கள், குனியுங்கள், எப்போதும் ஆட்டும் அதே எண்ணிக்கை ஆட்டி, நிறுத்தி, அடியுங்கள். பழகும்போதே ஒவ்வொரு பந்துக்கும் இந்த வரிசையை விடாமல் செய்திருந்தால் போட்டியன்று புதிதாக எதுவும் செய்யவேண்டியிருக்காது. பதற்றத்தில் எல்லாரும் பிடியை இறுக்குவார்கள், பின்னிழுப்பைக் கெதியாக்குவார்கள். அந்த இரண்டை மட்டும் கவனியுங்கள்.

ஒரு மணித்தியாலம்தான் மேசை கிடைக்கும். எதைப் பழகுவது?

முதல் கால் மணித்தியாலம் கோடு போட்ட பந்தும், குஷனில் பட்டு நுனிக்குத் திரும்பும் அடியும். அடுத்தது, வெள்ளை நிற்கவேண்டிய நேர் பந்து, கிட்டத்திலிருந்து தூரத்துக்கு. அதன்பின் உங்களுக்குப் பிடிக்காத ஒரே ஒரு சிக்கல்: குஷனில் ஒட்டிய வெள்ளை, அல்லது பந்துக்கு மேலால் வைக்கும் கை, அன்றைக்கு ஒன்று மட்டும். மீதி நேரம் யாரோடாவது எட்டுப் பந்து விளையாடுங்கள். பழகியதை அதில் தேடவேண்டாம், விளையாடுங்கள்.